மோல்டு மாஸ்டரின் கப்பல் குடித்தனம்

உலகத்திலேயே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஒரு வருடம் முழுக்கக் கடல் பயணம் செய்த மனிதர் ஒருவர்தான். அவர் விருத்தாசலத்தில் இருந்தார். பெயர் வேண்டாம். மோல்டு மாஸ்டர் என்றால்தான் அவரை யாருக்கும் தெரியும். பெயரைச் சொல்லி விசாரித்தால் போஸ்ட்மேனே "அது யாருங்க?" என்று நம்மைத் திருப்பிக் கேட்பார்.

எங்கள் ஊர் செராமிக் கம்பெனிகளில் குவளை, சாஸர், கரண்டுக் கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் பீங்கான் குமிழ் என்று எதைச் செய்வதாக இருந்தாலும் முதலில் அதற்கு அச்சு வேண்டும். அந்த அச்சுகளைச் செய்பவர்தான் அவர். ஒல்லி ஆள். சட்டை மட்டும் எப்போதும் ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கும். ஏன் மாஸ்டர் இப்படித் தைக்கிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். "சுருங்குமே டீச்சர்" என்றார். அது பாலியஸ்டர் சட்டை. பாலியஸ்டர் எந்த ஊரில் சுருங்குகிறது? எனக்குக் குழப்பமாக இருந்தது. அவர் விஷயத்தில் எனக்கு வந்த குழப்பங்களில் அது சின்னது, அதனால் விட்டுவிட்டேன்.

முதல் குழப்பம் ஒரு லீவு லெட்டரில் வந்தது. இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். நான் அங்கே பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர், ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை. கலா என்கிற பிள்ளை வரவில்லை. தோழி கொண்டுவந்து கொடுத்த கடிதத்தில் இப்படி இருந்தது: "இன்று எங்கள் கப்பலில் புயல் ஒத்திகை நடைபெறுவதால் என் மகள் கலாவுக்கு ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இடம்: நடுக்கடல்."

மூன்று தடவை படித்தேன். காய்ச்சல், வயிற்றுவலி, மாமன் மகள் கல்யாணம் என்று ஆயிரம் கடிதம் பார்த்திருக்கிறேன். செத்துப்போன தாத்தாவை ஒரே வருடத்தில் நான்கு தடவை சாகடித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நடுக்கடல் புதிது. எங்கள் ஊரிலிருந்து கடலுக்குப் போக வேண்டுமென்றால் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் ஆகும், அதுவும் பஸ் வந்தால். சாயங்காலம் பள்ளி விட்டதும் நேரே விசாரிக்கப் போனேன்.

செராமிக் கம்பெனிகள் எல்லாம் இருக்கும் எஸ்டேட்டின் கடைசியில் மூடிக்கிடந்த ஒரு பழைய கம்பெனி. இடம் ஒரு ராவுத்தருக்குச் சொந்தம், அவர் குவைத்தில் இருந்தார். உள்ளே நுழைந்தால் முற்றம் நிறைய, சூளைச் செங்கல் அடுக்குகளின் மேல், ஒரு பாய்மரக் கப்பல் உட்கார்ந்திருந்தது. நிஜக் கப்பல். நடுவில் மரம், மரத்தில் பந்தல்காரரிடம் வாங்கிய நீலத் தார்ப்பாய், நங்கூரத்துக்குப் பதிலாக ஆளுயரத்தில் ஹைடென்ஷன் கரண்டுக் கம்பிக்கான ஒரு உடைந்த பீங்கான் குமிழ். முன்பக்கம் பீங்கான் எழுத்துகளில் "வசந்தா" என்று பதித்திருந்தது.

நான் வாயைப் பிளந்துகொண்டு நான்கு அடி எடுத்து வைத்தேன். மேலேயிருந்து ஒரு குரல் அலறியது.

"டீச்சர்! நில்லுங்க! நீங்க இப்ப கடல்ல நடந்துக்கிட்டிருக்கீங்க!"

சொன்னால் சிரிப்பீர்கள். நான் புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டேன்.

"பலகை போடுறேங்க, பலகையில ஏறி வாங்க. பலகை போட்டா துறைமுகம். போடாம எறங்கினா கடலு" என்று விளக்கினார் மாஸ்டர். அவர் தினமும் வேலைக்குப் போவதும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் அந்தப் பலகை வழியாகத்தான். கம்பெனியின் பழைய கக்கூஸுக்குப் பெயர் தீவு.

அதற்குள் புயல் ஆரம்பித்துவிட்டது. சூளை வேலையாட்கள் ஆறு பேர் கடப்பாரையைக் கீழே கொடுத்து நெம்பிக் கப்பலை ஆட்டினார்கள். ஒருவர் வாளி வாளியாகத் தண்ணீர் வீசினார். "அலை வருது, அலை வருது!" என்று மாஸ்டர் கத்த, கலாவும் அவள் தங்கையும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கும்மாளம் போட, உள்ளே அவர் மனைவி வசந்தா ஒரு கையால் அடுப்பையும் இன்னொரு கையால் சாம்பார்க் குண்டானையும் பிடித்துக்கொண்டு நின்றாள். "போதும்பா, பருப்பு கொட்டுது!" என்று அவள் போட்ட சத்தத்தில் புயல் நின்றது. வேலையாட்கள் டீ குடிக்கப் போனார்கள்.

கேட்டுத் தெரிந்துகொண்டேன். பழைய பேப்பர் கடையில் மாஸ்டருக்கு ஒரு வெளிநாட்டுப் புத்தகம் கிடைத்திருக்கிறது. அதில் நான்கு பேர் குடும்பத்துக்கான பாய்மரக் கப்பல் படமும் அளவுகளும் இருந்தன. அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். இரண்டு வருடம் பலகை சேர்த்து, லீவு நாளெல்லாம் உழைத்து, எஸ்டேட்டே கூடிக் கட்டியது. பயணம் போவதற்கு முன்னால் கப்பலிலேயே குடும்பம் நடத்திப் பழக வேண்டும் என்று அந்தப் புத்தகத்தில் போட்டிருந்ததாம். ஆடிப்பெருக்கு அன்று வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுச் சட்டிபானையோடு ஏறிவிட்டார்கள்.

"எங்கெல்லாம் போகப்போறீங்க மாஸ்டர்?"

"பரங்கிப்பேட்டையில எறக்குறோம். ராமேஸ்வரம். அப்புறம் இலங்கை. அப்புறம் அந்தமான்."

"அங்கேயிருந்து?"

"அங்கேருந்து யாரையாச்சும் கேட்டுக்கிட்டுப் போவலாங்க."

"நீச்சல் தெரியுமா?"

"தெரியாது. அதுக்குத்தானே கப்பலு?"

பதில் சரிதான் என்று தோன்றியது. அவரோடு பேசினால் இதுதான் தொல்லை. தப்பு எங்கே இருக்கிறது என்று விரல் வைக்க முடியாது. உள்ளே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன், கால் தரையில் எட்டவில்லை. சரியான உயரமுள்ள பெண்பிள்ளைதான் நான். மாடப்பலகையில் இருந்த சர்க்கரை டப்பாவை எடுக்க வசந்தா முக்காலி போட்டு ஏறினாள். எல்லாமே கொஞ்சம் பெரிதாக இருந்தது, அல்லது நான் அன்றைக்குக் கொஞ்சம் சின்னதாகிவிட்டேன். புயலில் தலை சுற்றியிருக்கும் என்று வீட்டுக்கு வந்து ஒரு மாத்திரை போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் வாரம் ஒரு தடவையாவது போனேன். கலாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க என்று வெளியே சொல்லிக்கொண்டேன். சூளையை மூன்று ஷிப்ட்டில் பார்த்துக்கொள்வார்கள் இல்லையா, அதே மாதிரி மாஸ்டர் கப்பலுக்கும் ஏ, பி, சி ஷிப்ட் போட்டிருந்தார். ஷிப்ட்டில் இருப்பவர் கப்பல் நோட்டில் எழுத வேண்டும். சின்னவள் எழுதிய ஒரு பக்கம் இன்னும் நினைவிருக்கிறது: "காலை ஆறு மணி. காற்று இல்லை. இடது பக்கம் ஆடு ஒன்று. வலது பக்கம் பால்காரர். ஆபத்து இல்லை."

ஒரு மாதம் கடல் தண்ணீருக்கு உடம்பு பழக வேண்டும் என்று குளிக்கிற தொட்டியில் கல்லுப்பைக் கொட்டினார். துணியெல்லாம் காய்ந்து அப்பளம் மாதிரி நின்றது. "ஊர்ல குழாய்ல உப்புத்தண்ணி வருதுன்னு சண்டை போடுறாங்க. இந்த மனுஷன் நல்ல தண்ணியில உப்பப் போடுறாரே, இத நான் எங்க போயிச் சொல்ல?" என்று வசந்தா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் கம்மாபுரம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். தண்ணீரின் அருமை தெரிந்தவள்.

குடும்பக் கணக்கெடுப்பு வேலையை எங்கள் தலையில் கட்டினார்களே, அந்த வருடம் எனக்கு அந்த ஏரியாதான் விழுந்தது. படிவத்தை விரித்துக்கொண்டு கப்பலில் உட்கார்ந்தேன்.

"சுவர் என்ன வகை?"

"மரம்."

"கூரை?"

"மரம். மழை வந்தா தார்ப்பாய்."

"வீடு சொந்தமா, வாடகையா?"

மாஸ்டர் ரொம்ப நேரம் யோசித்தார். "கப்பல் சொந்தம். அடியில இருக்கிற தரை வாடகை. கெளம்பிட்டா வாடகை கெடையாது. எப்படிப் போட்டுக்குவீங்க?"

எப்படிப் போட்டுக்கொள்வது? மேலே கேட்டேன். மேலதிகாரி அவருக்கு மேலே கேட்டார். கடைசியில் 'இதர' என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் டிக் அடித்துவிட்டு வந்தேன். என் வாழ்க்கையில் அந்தக் கட்டத்துக்கு அவ்வளவு பொருத்தமான குடும்பத்தை நான் பார்த்ததில்லை.

சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் வசந்தா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"டீச்சர், கப்பல் ஏறுற அன்னிக்கே ஒரு கெடு வெச்சுத்தான் ஏறினேன். அடுத்த ஆடிப்பெருக்குக்குள்ள இது தண்ணியில எறங்கணும். எறங்கலன்னா நாங்க வூட்டுக்குப் போயிடுவோம், கப்பலு விறகாவ சூளைக்குப் போயிடும். அவரும் சாமி படத்துல அடிச்சு சத்தியம் பண்ணியிருக்காரு. கலா பத்தாவது வந்துட்டா. எத்தினி நாளைக்கு இப்படி அந்தரத்துல குந்தியிருக்கிறது?"

"நியாயந்தான்" என்றேன்.

இன்னொரு கட்டுக் கீரையைப் பிரித்தாள். "ஆனா ஒண்ணு டீச்சர். வூட்ல இருந்தப்ப அவரு ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுவாரு. அதுல ரெண்டு 'சோறு போடு'. வேலை, வேலை, வந்தா தூக்கம். பதினஞ்சு வருஷம் அப்படித்தான் ஓடிச்சு. இதுல ஏறுனதுலேருந்து வாய மூட மாட்டேங்குறாரு. காத்துங்கறாரு, நட்சத்திரங்கறாரு, வசந்தா இங்க வந்து பாருங்கறாரு. புள்ளைங்க அப்பா அப்பான்னு பின்னாடியே சுத்துதுங்க." சட்டென்று நிமிர்ந்தாள். "இத அவருகிட்ட சொல்லிடாதீங்க. அப்புறம் கெடுவ மதிக்க மாட்டாரு."

சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கும் நாள் எண்ணும் வியாதி பிடித்துக்கொண்டது.

ஆடி பதினெட்டு வந்தது. நீங்கள் நினைக்கிற மாதிரி மணிமுத்தாறு பொங்கி வெள்ளம் வந்து கப்பலைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஆற்றில் அன்று முழங்கால் நனையத் தண்ணீர் இல்லை. வேப்பூரிலிருந்து ஒரு நீள லாரி வந்தது. எஸ்டேட்டுக்கே அன்று லீவு விட்ட மாதிரி நாற்பது ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் கொளுத்தி, இரும்புக் குழாய்களின் மேல் கப்பலை இறக்கி உருட்டிக்கொண்டு வந்தார்கள். மாஸ்டர் தொளதொள வெள்ளைச் சட்டையில் முன்னால் நடந்தார், பெண்ணைப் பெற்றவன் கல்யாணத்தில் நடப்பது போல. கப்பல் கேட்டுக்கு வந்தது. நின்றது.

"தள்ளுங்கப்பா!"

தள்ளினார்கள். தூண் கிறீச்சிட்டது. கப்பல் நகரவில்லை. ஒருவர் நாடா வைத்து அளந்தார். கேட்டு எட்டரை அடி. கப்பல் ஒன்பது அடி.

"அதெப்படி?" என்றார் மாஸ்டர். "புத்தகத்துல எட்டு அடிதானே? கேட்ட அளந்துட்டுத்தானே கட்ட ஆரமிச்சேன்?"

எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். சாய்த்துப் பார்க்கலாமா என்றார் ஒருவர். சோப்பு போடலாமா என்றார் இன்னொருவர். பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் கிரேன் இருக்கிறது, கேட்டால் கொடுப்பார்களா என்றார் மூன்றாமவர். எதற்கென்று கேட்பார்களே என்றார் நான்காமவர். தூணை இடித்துவிடலாம் என்று லாரிக்காரர் சொன்னார். "ராவுத்தர் எடம். அவரக் கேக்காம ஒரு செங்கலத் தொட மாட்டேன்" என்றார் மாஸ்டர். எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார்கள். குவைத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"புத்தகத்துல எட்டு அடி இருந்தா ஒம்பது எப்படிங்க ஆச்சு?" என்று வசந்தா கேட்டாள்.

மாஸ்டர் அவளை விசித்திரமாகப் பார்த்தார். "எட்டுக்கு ஒண்ணு கூட்டணுமில்ல? சுருக்கத்துக்கு விடாம எவனாச்சும் அச்சு போடுவானா?"

சூளை வேலையாட்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். "ஆமா, எட்டுக்கு ஒண்ணு கரெக்ட்டுதான்" என்றார் ஒரு பெரியவர். "பலகை அறுக்கும்போதே நான் மாஸ்டர்கிட்ட கேட்டேனே, சுருக்கத்துக்கு விட்டீங்களான்னு" என்றார் தச்சர். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. களிமண்ணைச் சுட்டால் ஒன்பது எட்டாகச் சுருங்கும், அதனால் அச்சைப் பெரிதாகப் போட வேண்டும், எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் இது தெரியும். கணக்கு டீச்சர் நான், நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

வசந்தா எங்கள் எல்லோரையும் ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள்.

"ஏங்க, இதச் சுடப்போறமா?"

 ஒவ்வொரு முகமாக இருண்டது. தச்சர் மெல்ல நாடாவைச் சுருட்டிக்கொண்டார். எனக்குக் கால் எட்டாத பெஞ்சு, முக்காலி போட்டு எடுத்த சர்க்கரை டப்பா, பாலியஸ்டர் சட்டை எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. இரண்டு வருடம், ஐம்பது பேர், ஒருவருக்குக்கூட மரம் சூளைக்குப் போகாது என்று உறைக்கவில்லை! அந்தக் கப்பலிலேயே சரியான அளவில் இருந்தது முன்பக்கத்துப் பெயர் ஒன்றுதான். அதை மட்டும்தான் சுட்டிருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் கேட்டுத் தூணில் சாய்ந்து நின்றார். அந்தப் பெரிய சட்டைக்குள் ஆளே இல்லாத மாதிரி இருந்தது. கலா வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். 

"கெடு இன்னிக்கோட முடியுது" என்றார் மாஸ்டர். "பொழுது எறங்குது. சத்தியம் சத்தியந்தான். கோடாலி கொண்டாங்கப்பா."

ஒருவரும் அசையவில்லை. வசந்தா பலகை வழியாகக் கப்பலில் ஏறினாள். கோடாலி எடுக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன், பகவானே என்று கண்ணை மூடிக்கொண்டேன். இறங்கி வந்தவள் இடுப்பில் குடிதண்ணீர்க் குடம் இருந்தது. நேரே போய்க் கப்பலின் முன்பக்கம் நின்று, அடிப்பலகை நனையும்படி மொத்தத் தண்ணீரையும் கவிழ்த்தாள்.

"எறங்கிடுச்சு" என்றாள்.

"என்னா வசந்தா?"

"தண்ணியில எறங்கணும்னுதானே கெடு? எவ்ளோ தண்ணின்னு நான் சொன்னேனா?"

ஆடிப்பெருக்குக்குப் படைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். தெருக்குழாய்க்கு ஓடினார்கள். ஒரு குடம், இரண்டு குடம், பத்துப் பன்னிரண்டு குடம். ஒருத்தி குலவையிட்டாள். செம்மண் குடித்தது போகக் கப்பலுக்கடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றது, அதில் மஞ்சளும் பூவும் மிதந்தன.

மாஸ்டர் அந்தச் சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடினார்.  "டீச்சர், நீங்க கணக்கு டீச்சரு. இது கணக்குல வருமா?"

"வரும் மாஸ்டர்" என்றேன். "நல்லா வரும்."

இத்தனை வருட வாத்தியார் வேலையில் தப்பான கணக்குக்கு நான் முழு மார்க் போட்டது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் குவைத்தில் ராவுத்தர் போனை எடுத்தாராம். "ரெண்டு தூணையும் இடிச்சுக்குங்க மாஸ்டர், ஆனா நான் ஊருக்கு வரும்போது என்னையும் ஏத்திக்கணும்" என்று சொன்னாராம். ஆனால் லாரி வேறு லோடுக்குப் போய்விட்டது, அப்புறம் மழைக்காலம், அப்புறம் கலாவுக்கு அரைப்பரீட்சை. கலா அந்தக் கப்பலில் உட்கார்ந்தே படித்தாள். அதற்குள் எனக்குத் திட்டக்குடிக்கு மாற்றல் வந்துவிட்டது.

கிளம்புகிற அன்று மாஸ்டர் ஒரு காபிக் குவளை கொண்டுவந்து கொடுத்தார். அவரே அச்சு போட்டு, வார்த்து, சுட்டது. வெள்ளையில் நீலமாக ஒரு சின்னக் கப்பல். கையில் வாங்கினேன், என்னமோ மாதிரி இருந்தது. பொம்மைக் குவளைக்குக் கொஞ்சம் பெரிது, நிஜக் குவளைக்குக் கொஞ்சம் சிறிது. அவர் தலையைச் சொறிந்தார்.

"கப்பலுக்கப்புறம் பயந்துட்டேங்க டீச்சர். எட்டுக்கு ஒண்ணு கூட்டாமயே போட்டுட்டேன்."

மாசி மாதம் ஒரு மத்தியானம் பள்ளி ஆபீஸுக்குப் போன் வந்தது. ஒரே இரைச்சல், காற்றுச் சத்தம்.

"டீச்சர்! பரங்கிப்பேட்டையிலேருந்து பேசுறேன். தூண இடிச்சு லாரியில கொண்டாந்துட்டோம். மெதக்குது டீச்சர்! மெதக்குது!"

"எவ்வளவு தூரம் போனீங்க மாஸ்டர்?"

"ஆத்து மொகத்துல பாலம் வரைக்கும். கடலு தெரிஞ்சிது. திரும்பிட்டோம். நாளைக்குக் கலாவுக்கு ஸ்கூலு இருக்குதில்ல?"

அந்தமான் போனார்களா என்று தெரியாது, நானும் கேட்கவில்லை. அவர் கொடுத்த குவளை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் காபி எப்போதும் கொஞ்சம் குறைவாகத்தான் பிடிக்கும். வேறு குவளை எடுக்கலாமே என்று வீட்டில் சொல்கிறார்கள். வேண்டாம், நான் இரண்டாவது தடவை ஊற்றிக்கொள்கிறேன்.